பிளப்பதும் ஒட்டுவதும்: ‘கிளீவ்’ என்ற ஆங்கில வினைச்சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில் ஒரு வரியைத் தலைகீழாக எழுதிவிட்டேன். ‘அவர்கள் பழைய நம்பிக்கையையே பற்றி நின்றார்கள்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘நம்பிக்கையிலிருந்து பிரிந்தார்கள்’ என்று எழுதினேன். என்னைத் தடுக்கிவிட்ட சொல் ‘கிளீவ்’ (cleave). அதற்கு ‘பிளத்தல்’ என்ற ஒரு பொருள்தான் அப்போது எனக்குத் தெரியும். அன்று முதல் இந்தச் சொல்லை விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். ஆங்கிலம் படிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

‘கிளீவ்’ என்றால் சரியாக என்ன பொருள்?

பொருள் இரண்டு. ஒன்று, பிளப்பது. கோடரி விறகைப் பிளக்கிறது, கப்பல் அலைகளைக் கிழித்துக்கொண்டு போகிறது, ஒரு நொதி மூலக்கூறைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறது. இவை எல்லாவற்றுக்கும் இந்த வினை பொருந்தும். இன்னொன்று, விடாமல் ஒட்டிக்கொள்வது. ஈரச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, பயத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ஒருவர் தன் கொள்கையை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கிறார். இவற்றுக்கும் அதே வினைதான். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று.

ஒரே சொல் எப்படி நேர் எதிரான இரண்டு பொருள்களைச் சுமக்கிறது?

ஒரே சொல்லாக இருந்தால்தான் அது வியப்பு. உண்மையில் இவை இரண்டு தனிச்சொற்கள். வேறு வேறு இடத்தில் பிறந்து நடந்து வந்து, வழியில் ஒரே முகத்தைப் பெற்றுவிட்டன. நல்ல ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘கிளீவ்’ இரண்டு தனிப்பதிவுகளாக இருப்பதைப் பார்க்கலாம். அகராதிக்காரர்கள் வசதிக்காகப் பிரித்து வைக்கவில்லை. பிறப்பு வேறு என்பதால்தான் பிரித்தார்கள்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் ‘பிள’ என்பதற்கு ‘கிளேயோவன்’ என்று ஒரு வினை இருந்தது. ‘ஒட்டிக்கொள்’ என்பதற்கு இருந்தது ‘கிளிவியன்’. இரண்டிலும் வகரம் வருகிற இடத்தில் அவர்கள் ‘எஃப்’ எழுத்தைப் போட்டு எழுதினார்கள். ஆனால் உயிர்களுக்கு நடுவே வரும்போது அது வகரமாகவே ஒலித்தது. அந்தக் காலத்து ஆள் ஒருவரிடம் போய், இவை இரண்டும் ஒரே சொல் என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நம்மிடம் வந்து ‘கிழி’யும் ‘குழை’யும் ஒரே சொல் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

இலக்கண நடத்தையிலும் அவை வேறு. ‘கிளேயோவன்’ வலுவினை. அதாவது காலம் காட்டும்போது சொல்லின் உள்ளே இருக்கும் உயிர் மாறும்: கிளேயோவன், இறந்தகாலத்தில் கிளேயாஃப், எச்சத்தில் கிளோவன். ‘கிளிவியன்’ மெல்வினை. அதன் உயிர் மாறாது, கடைசியில் ஒரு விகுதி சேரும், அவ்வளவுதான்.

பிறகு எப்படி ஒன்றாகக் கலந்தன?

குற்றம் சொல்லின் வாலில் இருக்கிறது. நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066-க்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளில், அதாவது இடைக்கால ஆங்கிலத்தில், சொற்களின் கடைசி அசைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. ‘-அன்’, ‘-இயன்’ என்று வேறுபட்டு ஒலித்த விகுதிகள் முதலில் மங்கலான ஒரே ஒலியாகி, பிறகு அதுவும் உதிர்ந்தது. அதே சமயத்தில் சொல்லின் நடுவே இருந்த உயிர்களும் இடம் மாறின. ஒன்றில் இருந்த இரட்டை உயிர் நெடில் ஏகாரமாகச் சுருங்கியது. மற்றொன்றில் இருந்த குறில் இகரம் அகன்று நீண்டு, அதுவும் ஏகாரத்தின் பக்கம் வந்தது. இரண்டும் ‘கிளேவ்’ என்ற இடத்தில் சந்தித்துக்கொண்டன. பின்னால் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் கூட்டமாக மேலே ஏறியபோது இந்த ஏகாரமும் ஈகாரமாகி, இன்றைய ‘கிளீவ்’ கிடைத்தது.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆற்றில் உருளும் இரண்டு கற்கள் ஒரே வடிவத்துக்குத் தேய்ந்ததுபோல நடந்தது.

இன்னும் பின்னால் போனாலும் இவை வேறு வேறுதானா?

ஆமாம். ஆனால் அங்கேயும் மிக அருகில் நிற்கின்றன. இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஐரோப்பிய மொழிகளுக்கும் வடமொழிக்கும் பொதுவான தாயாகக் கருதப்படும் தொல் இந்தோ-ஐரோப்பியத்தில், பிளத்தலுக்கு மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கும் வேர் ஏறக்குறைய ‘க்லெயுப்’ என்று ஒலிக்கும். ஒட்டுதலுக்கு உரிய வேர் ‘க்லெய்’. இரண்டின் தொடக்கத்திலும் இருப்பது மெலிந்து ஒலிக்கும் ககரம், ‘கங்கை’யின் முதல் எழுத்தை வடமொழியில் சொல்வதுபோல. ஜெர்மானிய மொழியறிஞர் யாகோப் கிரிம் 1822-ல் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, ஆங்கிலமும் ஜெர்மனும் டச்சும் அடங்கிய ஜெர்மானியக் கிளையில் இந்த மெல்லொலி வல்லினக் ககரமாக மாறியது. லத்தீனிலும் கிரேக்கத்திலும் மாறவில்லை.

அதனால்தான் இந்தச் சொற்களின் உறவினர்களை அந்த மொழிகளில் வேறு ஆடையில் பார்க்கிறோம். பிளக்கிற வேரிலிருந்து கிரேக்கத்தில் ‘செதுக்கு’ என்ற பொருளுள்ள ‘க்ளுஃபெய்ன்’ வந்தது. எகிப்தியச் சித்திர எழுத்தைச் சொல்லும் ‘ஹைரோகிளிஃப்’, எழுத்துருக்காரர்கள் ஓர் எழுத்தின் வரைவடிவத்துக்குச் சொல்லும் ‘கிளிஃப்’ இரண்டும் அதன் வழி வந்தவை. லத்தீனில் ‘தோலுரி’ என்ற பொருளில் ஒரு வினை இருந்தது. ஒட்டுகிற வேரிலிருந்து லத்தீனில் பசையைக் குறிக்கும் ‘க்ளூட்டன்’ வந்தது. ஆங்கிலத்தின் ‘குளூ’, கோதுமை மாவை இழுபடச் செய்யும் ‘குளூட்டன்’ இரண்டும் அங்கிருந்து வந்தவைதான். களிமண்ணைச் சொல்லும் ‘கிளே’யும் இதே குடும்பம். ஈரக் களிமண்ணைக் கையில் எடுத்தவருக்கு இந்த உறவை விளக்கவே வேண்டாம்.

மற்ற ஜெர்மானிய மொழிகளிலும் இதே குழப்பம் இருக்கிறதா?

இல்லை. டச்சு மொழியில் ஒட்டுவது ‘க்லேஃபன்’, பிளப்பது ‘க்லீஃபன்’. ஜெர்மனில் ஒட்டுவது ‘க்லேபன்’, பிளப்பது ‘க்லீபன்’. பிந்தியது இப்போது பெரும்பாலும் தெற்கு வட்டாரங்களில்தான் கேட்கும். சுவீடிஷில் பிளப்பது ‘க்லீவா’, ஒட்டுவது ‘க்லிபா’. ஒரு உயிரோ ஒரு மெய்யோ மட்டும் மாறினாலும் அந்த வேறுபாட்டை இவர்கள் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலம் அதைத் தொலைத்துவிட்டது.

இறந்தகால வடிவங்கள் ஏன் இத்தனை இருக்கின்றன?

பிளப்பதற்கு ‘கிளீவ்ட்’, ‘கிளெஃப்ட்’, ‘க்ளோவ்’ மூன்றும் உண்டு. பழைய நூல்களில் ‘க்ளேவ்’ என்றும் வரும். எச்ச வடிவத்தில் ‘க்ளோவன்’ சேரும். ஒட்டுவதற்கு இன்று ‘கிளீவ்ட்’ ஒன்றுதான்.

காரணம் முன்பு சொன்னதுதான்: பிளக்கிற வினை வலுவினையாக இருந்தது, உயிர்மாற்ற வடிவங்கள் அதன் பழைய சொத்து. மெல்வினையான மற்றது சாதாரண விகுதியோடு நின்றது. ஆனால் இரண்டும் ஒரே முகம் ஆனபின் மக்கள் குழம்பி, ஒன்றின் இறந்தகாலத்தை மற்றதற்கும் போட்டார்கள். அப்படித்தான் ‘க்ளேவ்’ இரண்டு பக்கமும் வந்தது.

பெயரடையாக வரும்போது பழைய வடிவங்கள் இன்னும் உறைந்து நிற்கின்றன. மாட்டின் பிளவுண்ட குளம்புக்கு ‘க்ளோவன்’ என்பார்கள். பிறவியிலேயே அண்ணம் பிளந்திருப்பதற்கு ‘கிளெஃப்ட்’ என்பார்கள். இவற்றை மாற்றிச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. ஏன் ஒன்றுக்கு இது, மற்றதற்கு அது என்று கேட்டால் வழக்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பைபிளில் இந்தச் சொல் எப்படி வருகிறது?

1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள்தான் இந்த வினையின் இரண்டு முகங்களையும் ஒரே புத்தகத்தில் நமக்குக் காட்டுகிறது. ‘ஒட்டிக்கொள்’ என்ற பொருள் இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அந்த மொழிபெயர்ப்பும் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆதியாகமம் 2:24-ல் ஆண் தன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு ‘கிளீவ்’ ஆவான் என்று வருகிறது. ரூத் 1:14-ல் ஓர்பாள் மாமியாரை முத்தமிட்டுப் போய்விடுகிறாள், ரூத் மட்டும் அவளோடு ‘க்ளேவ்’ ஆகிறாள். சங்கீதம் 137:6-ல் நாக்கு மேல்வாயோடு ‘கிளீவ்’ ஆகட்டும் என்று பாடுகிறவன் தன்னையே சபித்துக்கொள்கிறான். சரி, இந்தப் பக்கம் இப்படி. ஆதியாகமம் 22:3-ல் ஆபிரகாம் பலிக்காக விறகை ‘க்ளேவ்’ செய்கிறான். பிரசங்கி 10:9 மரத்தைக் ‘கிளீவ்’ செய்கிறவனுக்கு வரும் ஆபத்தைச் சொல்கிறது. ரூத் செய்ததும் ஆபிரகாம் செய்ததும் ஆங்கிலத்தில் ஒரே ‘க்ளேவ்’!

மூல எபிரேயத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. ஒட்டுவதற்கு ‘தாவக்’, பிளப்பதற்கு ‘பாக்கா’ என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. இன்றைய எபிரேயத்தில் பசைக்குப் பெயர் ‘தெவெக்’, அதே வேர்தான். தமிழ் மொழிபெயர்ப்பைப் பாருங்கள். மனைவியோடே ‘இசைந்திருப்பான்’, ரூத் ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’, நாக்கு ‘ஒட்டிக்கொள்வதாக’, ஆபிரகாம் கட்டைகளைப் ‘பிளந்துகொண்டு’ போனான். ஆங்கிலம் ஒரு சொல்லைப் போட்ட இடங்களில் தமிழ் நான்கு சொற்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதிலும் கணவன் மனைவிக்கு ‘ஒட்டுதல்’ என்று எழுதாமல் ‘இசைதல்’ என்று எழுதியவரின் காதை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டு குரல் சேர்வதும் இசைவு, இரண்டு மனம் சேர்வதும் இசைவு.

வாசிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் ஒரு சின்னச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். வினைக்குப் பின்னால் உடனே ‘டு’ அல்லது பழைய நடையில் ‘அன்டு’ வந்தால் அது ஒட்டுகிற ‘கிளீவ்’. எதோடு ஒட்டுகிறது என்று சொல்லாமல் அந்த வினை நிற்காது. வினைக்குப் பின்னால் நேராகச் செயப்படுபொருள் வந்தால் அது பிளக்கிற ‘கிளீவ்’. ‘இரண்டாக’, ‘வழியே’ என்ற பொருளுள்ள சொற்கள் கூட வந்தாலும் பிளவுதான். என்னுடைய அன்றைய பிழைகூட அந்த ‘டு’வைக் கவனிக்காமல் விட்டதால் வந்ததே.

‘கிளீவர்’ என்பது கத்தியா, செடியா?

இரண்டும்தான். இறைச்சி வெட்டுகிற அகலமான கனத்த கத்திக்குக் ‘கிளீவர்’ என்று பெயர், அது பிளக்கிற வினையிலிருந்து வந்தது. ‘கிளீவர்ஸ்’ என்று பன்மையில் அழைக்கப்படும் ஒரு கொடி இருக்கிறது. தாவரவியல் பெயர் கேலியம் அபரைன். தண்டு, இலை, காய் எல்லாவற்றிலும் நுண்ணிய கொக்கிமுடிகள் இருப்பதால் நாயுருவிபோல நடப்பவர் துணியிலும் விலங்குகளின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு போகும். அதன் பெயர் ஒட்டுகிற வினையின் குடும்பம்.

பூண்டுப் பல்லுக்கு ஆங்கிலத்தில் ‘க்ளோவ்’. முழுப்பூண்டு பிளந்து பிளந்து இருப்பதால் வந்த பெயர். கிராம்புக்கும் ஆங்கிலத்தில் ‘க்ளோவ்’தான், ஆனால் அதற்கும் இதற்கும் உறவில்லை. ஆணியைக் குறிக்கும் லத்தீன் ‘கிளாவுஸ்’ பிரெஞ்சு வழியாக வந்து அப்படி ஆனது. கிராம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் குட்டி ஆணிபோலத்தான் இருக்கும்.

அறிவியலில் ‘கிளீவேஜ்’ என்பது என்ன?

படிகம் எந்தத் தளத்தில் இயல்பாகப் பிரியுமோ அந்தப் பண்புதான் ‘கிளீவேஜ்’. அப்பிரகத்தை ஏடு ஏடாக உரிக்க முடிவது இதனால்தான். உலகிலேயே கடினமான இயற்கைப் பொருளான வைரத்துக்கும் நான்கு திசைகளில் இந்தப் பலவீனம் உண்டு. 1905-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட் எடை இருந்தது. 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் அதில் ஒரு பள்ளம் கீறி, எஃகுக் கத்தியை வைத்துத் தட்டிப் பிளந்தார். கடைசியில் 9 பெரிய கற்களும் 96 சிறிய கற்களும் கிடைத்தன. அறுப்பது வேறு, இந்தப் பிளப்பது வேறு. பிளக்கிறவர் கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற கோட்டைத் தேடுகிறார்.

கருவியலிலும் இதே சொல் வருகிறது. கருவுற்ற முட்டை ஒரு செல்லிலிருந்து 2, 4, 8 என்று பிரிகிற தொடக்கக் கட்டத்துக்குக் ‘கிளீவேஜ்’ என்று பெயர். மொத்த அளவு பெரிதாவதில்லை, உள்ளே இருக்கும் செல்கள்தான் சிறிதாகிக்கொண்டே போகின்றன. பாலூட்டிகளில் 8 செல் கட்டத்தை ஒட்டி அவை ஒன்றோடொன்று இறுக நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. சொல் குறிப்பது பிளவை மட்டும்தான். ஆனாலும் அந்தச் சின்ன உருண்டைக்குள் இரண்டு ‘கிளீவ்’களும் ஒருசேர நடக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆதி மனிதன் எதிர்ப்பொருள்களை ஒரே சொல்லில் வைத்தான் என்று சொல்கிறார்களே?

கார்ல் ஆபெல் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் 1884-ல் இப்படி ஒரு கருத்தை எழுதினார். பழைய எகிப்திய மொழியில் தொடங்கி, மிகப் பழைய சொற்கள் ஒரு பொருளையும் அதன் எதிர்ப்பொருளையும் சேர்த்தே சுமந்தன என்றார். 1910-ல் உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் ஃபிராய்ட் அதைப் படித்துவிட்டு, கனவுகளும் இப்படித்தான் எதிரெதிரானவற்றை ஒன்றாகக் காட்டுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். 1956-ல் எமில் பென்வெனிஸ்ட் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் ஆபெலின் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்.

‘கிளீவ்’வைப் பொறுத்தவரை ஆபெலின் கருத்துக்கு இடமே இல்லை. நாம் எவ்வளவு பின்னோக்கிப் போனாலும் இரண்டு சொற்களும் அருகருகே நிற்கின்றனவே தவிர ஒன்றாவதில்லை. எதிர்ப்பொருள்கள் சந்தித்தது ஆதியில் அல்ல, பிற்காலத்தில்தான்.

இதுபோல வேறு ஆங்கில வினைகள் உண்டா?

நிறைய உண்டு. ஆனால் எல்லாம் ஒரே வகை அல்ல, இதைக் கவனிப்பது முக்கியம்.

‘லெட்’ என்பது ‘கிளீவ்’ போன்றதே. ‘அனுமதி’ என்ற ‘லெட்’ ஒரு சொல், ‘தடு’ என்ற பழைய ‘லெட்’ வேறொரு சொல். இரண்டாவது இன்று கிட்டத்தட்ட செத்துவிட்டது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் உட்பக்கத்தில் ‘தடையும் இடையூறும் இன்றி’ என்ற சட்டத்தொடரில் பெயர்ச்சொல்லாக மட்டும் உயிரோடு இருக்கிறது.

‘சாங்ஷன்’ அப்படியல்ல, அது ஒரே சொல் இரண்டாகக் கிளைத்தது. லத்தீனில் ஒரு சட்டத்தைப் புனிதமாக்கி நிலைநிறுத்துவதிலிருந்து பிறந்தது. நிலைநிறுத்துவது என்றால் ஒப்புதல் தருவதும் வரும், மீறுகிறவனைத் தண்டிப்பதும் வரும். எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935-ல் உலக நாடுகள் சங்கம் விதித்த பொருளாதாரத் தடைகளும் ‘சாங்ஷன்’, ஒரு அதிகாரி தரும் அனுமதியும் ‘சாங்ஷன்’.

‘டஸ்ட்’ தூசியைத் துடைப்பதும் ஆகும், பொடியைத் தூவுவதும் ஆகும். பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கியதால் வந்த விளைவு. ‘டேபிள்’ என்றால் பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் அதை ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டுத் தளபதிகளும் இந்தச் சொல்லை வைத்து நெடுநேரம் கடுமையாக வாதாடியதையும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்பதையும் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

தமிழில் இப்படி ஏதாவது?

‘கடி’யைப் பாருங்கள். தொல்காப்பிய உரியியல் இந்த ஒரு சொல்லுக்குக் காப்பு, கூர்மை, விரைவு, புதுமை, அச்சம் முதலிய பத்துப் பொருள் சொல்கிறது. கடிமரம் என்றால் காவல் மரம், வெட்டவிடாமல் காக்கப்படுவது. ஆனால் திருக்குறளின் 44-வது அதிகாரம் ‘குற்றங்கடிதல்’ என்பது குற்றத்தை நீக்குவது. வைத்துக் காப்பதும் ‘கடி’, விலக்கித் தள்ளுவதும் ‘கடி’.

‘நாறு’ வேறு வகை. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தை. அப்புறம் அதே வினை துர்நாற்றத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இது ஒரே சொல்லின் பொருள் காலப்போக்கில் இறங்கியது. ‘கிளீவ்’ போல இரண்டு சொற்கள் மோதிக்கொண்டதல்ல.

இன்று நாம் ஆங்கிலத்தில் எழுதும்போது இதைப் பயன்படுத்தலாமா?

பிளத்தல் பொருளில் அறிவியல் எழுத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம், அங்கே இதுதான் இயல்பான சொல். அன்றாட எழுத்தில் ‘ஸ்ப்ளிட்’ போதும். ஒட்டுதல் பொருள் இன்று சற்றே பழமையான, வழிபாட்டு மணமுள்ள நடையில்தான் வரும். ஒரு கொள்கையை, ஒரு நினைவை விடாமல் பிடித்திருப்பதைச் சொல்ல அது அழகான சொல், ‘டு’வை மறக்காமல் போடுங்கள். கையில் ஒட்டிய பசையைச் சொல்ல ‘ஸ்டிக்’ இருக்கிறது.